ஜிப்பின் ஒரு பக்கம்

வணக்கம் நேயர்களே. மரபணு சிகிச்சை என்றாலே பேப்பரில் வருவது ஒரே வரிதான்: நல்ல மரபணுவை வைரஸ் செல்லுக்குள் கொண்டுபோய் விடும். சரி, விட்டாயிற்று. அப்புறம்? அந்த 'அப்புறம்' மேல்தான் எனக்கு வெகுநாள் ஆசை.

ஒரு பள்ளியில், இப்படி மரபணுவைச் சுமந்துபோகும் ஏஏவி என்ற வைரஸ் பற்றிப் பேசப் போயிருந்தேன். 1965-இல் அடினோ வைரஸோடு ஒட்டிக்கொண்டு வந்து கண்ணில் பட்ட குட்டி வைரஸ் அது. நமக்கு எந்த நோயும் தருவதாகத் தெரியவில்லை. அதன் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு, இரண்டு முனைகளை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் நமக்கு வேண்டியதை நிரப்புகிறார்கள்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "ஊசி போட்ட மறுநாளே வேலை செய்யுமா சார்?"

முழுசாகச் செய்யாது என்றேன். விடவில்லை, "ஏன்?" என்றாள். அவளுடைய பையின் ஜிப்பைத் தொட்டுக் காட்டினேன். இதில் ஒரு பக்கப் பல்வரிசை மட்டும் இருந்தால்?

"பை மூடாது சார்."

அதேதான். ஏஏவி சுமந்து வருவது ஒற்றை இழை டிஎன்ஏ. செல் படிப்பதோ இரட்டை இழையை. ஆக, எதிர் வரிசையைச் செல்லே கோத்தாக வேண்டும். வைரஸின் முனை கொண்டை ஊசி மாதிரி தானே மடிந்து அதற்குத் தொடக்கம் கொடுக்கும். கோத்து முடிக்க நாளாகும்.

"ரெண்டு வரிசையையும் சேர்த்தே அனுப்பினால்?" என்றாள். பாருங்கள், விஞ்ஞானிகள் செய்ததும் அதைத்தான்! முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய்க்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து அப்படிப்பட்டது. ஆனால் வைரஸ் என்ற பையின் கொள்ளளவே சுமார் 4,700 டிஎன்ஏ எழுத்துகள். இரண்டு வரிசை வைத்தால் பாதியாகிவிடும். அந்த மரபணு சின்னது, பிழைத்தது.

ஜிப் மூடிய பிறகும் மரபணு வேலை செய்ய ஒரு சுவிட்ச் வேண்டும். புரொமோட்டர் என்ற டிஎன்ஏ துண்டு அது. கல்லீரலுக்கான புரொமோட்டரை வைத்தால் பெரும்பாலும் கல்லீரல் செல்தான் படிக்கும். இன்னொன்று, இந்த டிஎன்ஏ பெரும்பாலும் குரோமோசோமில் சேராமல் வளையமாகத் தனியே கிடக்கும். பிரியாத நரம்புச் செல்லில் நிலைக்கும். வளரும் குழந்தையின் கல்லீரலில் செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகும்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். வேலூர் சிஎம்சியைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். அங்கே ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய் உள்ள 5 பேருக்கு, குரோமோசோமிலேயே சேர்ந்துவிடும் லென்டி வைரஸ் வழியாக, ரத்த அணுக்களை உருவாக்கும் அவரவர் ஸ்டெம் செல்லில் மரபணுவை ஏற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். செல் பிரிந்தாலும் மரபணு கூடவே போகும். கண்காணித்த காலத்தில் ஐவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை என்று 2024-இல் வெளியிட்டார்கள். அந்தச் சுவிட்ச் எந்த ரத்த அணுவில் எரிகிறது என்பதை இன்னொரு நாள் வந்து சொல்கிறேன். வணக்கம்.