எக்செலில் டாலர் போய் ரூபாய் வர எங்கே மாற்ற வேண்டும்?

வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்த்த செலவுக் கணக்கை எக்செல் கோப்பாக அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகனுக்கு அனுப்பியிருந்தேன். அன்றிரவே அவன் தொலைபேசியில் அழைத்து, "மச்சான், வெள்ளையடிக்க 48,500 டாலரா? வீட்டுக்கா, விமான நிலையத்துக்கா?" என்று கேட்டான். என் திரையில் ₹ என்று ஒழுங்காகத் தெரிந்த அதே கட்டம் அவன் திரையில் $ என்று தெரிந்திருக்கிறது. ஒரு ரூபாய் கூட மாறவில்லை, குறி மட்டும் மாறிவிட்டது. அது ஏன் மாறியது என்பதைத்தான் இந்தக் காணொளியில் காட்டப் போகிறேன்.

இப்போது திரையைப் பாருங்கள். பெயின்ட் என்று எழுதியிருக்கும் வரிசையில் ₹48,500.00 என்று தெரிகிறது. ஆனால் அந்தக் கட்டத்தைத் தொட்டால் மேலே ஃபார்முலா பாரில் வெறும் 48500 மட்டுமே இருக்கிறது. குறியும் காற்புள்ளியும் எண்ணுக்குப் போர்த்திய சட்டையே தவிர எண்ணின் பகுதி அல்ல. ஆகவே குறியை மாற்றினால் தொகை டாலரிலிருந்து ரூபாய்க்குக் கணக்கிடப்பட்டு மாறும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு மாற்று விகிதத்தால் பெருக்கத்தான் வேண்டும்.

புதிய கணினி வாங்கியவர்கள் முதலில் செய்வது, எக்செலின் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து இயல்பு நாணயம் (நாம் எதுவும் சொல்லாதபோது எக்செல் தானாகப் போடும் நாணயம்) எங்கே இருக்கிறது என்று மேலிருந்து கீழ் வரை தேடுவது. நானும் அப்படித் தேடியவன்தான். விண்டோஸ் கணினியில் அது எக்செலுக்குள் இல்லை. எக்செல் அந்தத் தகவலை விண்டோஸிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. கண்ட்ரோல் பேனலில் ரீஜன் என்பதைத் திறந்து, ஃபார்மேட்ஸ் பட்டியலில் இங்கிலீஷ் இந்தியா என்பதையோ தமிழ் இந்தியா என்பதையோ தேர்ந்தெடுத்து, எக்செலை ஒரு முறை மூடித் திறந்தால் போதும். பணத்தாள் படம் போட்ட பொத்தானும், கண்ட்ரோல், ஷிப்ட், 4 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தும் குறுக்குவழியும் அதன் பிறகு ரூபாயையே கொடுக்கும்.

நாட்டையே மாற்ற விருப்பமில்லாதவர்கள், அதே பெட்டியில் அடிஷனல் செட்டிங்ஸ் என்பதை அழுத்தி, கரன்சி பகுதியில் குறியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பட்டியலில் ₹ இல்லையென்றால், இங்கிலீஷ் இந்தியா விசைப்பலகையில் வலப்புற ஆல்ட் விசையுடன் 4 அழுத்தினால் வந்துவிடும். உதயகுமார் வடிவமைத்து 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட இந்தக் குறி, அதே ஆண்டில் யூனிகோடில் சேர்ந்தது. நம் பழைய கணக்குப் புத்தகங்களில் இருந்த ௹ என்ற குறிக்கும் யூனிகோடில் அதற்கு முன்பே இடம் உண்டு என்பதால், ஆசைப்படுபவர்கள் அதையும் அந்தப் பெட்டியில் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். நாட்டை மாற்றும்போது தேதி எழுதும் வரிசையும் சேர்ந்து மாறுகிறது. அமெரிக்க அமைப்பில் 05/04 என்று அடித்தால் மே 4. இந்திய அமைப்பில் அதுவே ஏப்ரல் 5. கணக்குகளை உள்ளிட்டுக்கொண்டிருக்கும் பாதியில் இதை மாற்றாதீர்கள்.

இனி அத்தை மகன் விஷயத்துக்கு வருகிறேன். பணத்தாள் பொத்தானை அழுத்தியபோது நான் அந்தக் கட்டத்துக்குச் சொன்னது "ரூபாய்" என்பதல்ல. "இந்தக் கணினியின் இயல்பு நாணயம் எதுவோ அது" என்பதுதான். கோப்பு அவன் கணினிக்குப் போனதும், அங்கே இயல்பு நாணயம் டாலர் என்பதால், எக்செல் கேள்வி கேட்காமல் டாலரைப் போட்டுவிட்டது. வெளியூருக்கு விலைப்பட்டியல் அனுப்புபவர்களுக்கு இது சிரிப்போடு முடிகிற விஷயம் அல்ல. ஆகவே இயல்பை மாற்றுவது நம் வசதிக்கு மட்டும்; வெளியே போகிற கோப்பில் குறியைக் கட்டத்திலேயே பூட்டிவிட வேண்டும். கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலும் 1-உம் அழுத்தி, கரன்சி என்பதில் சிம்பல் பட்டியலைத் திறந்து, ஊர்ப்பெயர் சேர்ந்த ₹ இங்கிலீஷ் இந்தியா என்பதைத் தேர்ந்தெடுங்கள். கஸ்டம் பகுதியில் கையால் எழுதுவதென்றால் [$₹-4009] என்று தொடங்கலாம். அந்த 4009 இந்திய ஆங்கிலத்துக்கான குறியீட்டு எண்.

சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கட்டத்துக்குள் ரூ.48500 என்று நேரடியாக அடித்துவிடுகிறார்கள். எக்செல் அதை எண்ணாகக் கருதாமல் எழுத்தாகக் கருதி இடப்பக்கம் ஒட்டி வைக்கும்; கூட்டுத்தொகையிலும் அதைச் சேர்க்காமல், பிழை என்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும்.

கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு வேலை சுருக்கம்: ஃபைல், செட்டிங்ஸ் என்று போய் லோகேல் என்பதில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் போதும், அந்தக் கோப்பு முழுவதற்கும் அது பொருந்தும். லிப்ரே ஆபீஸ் கால்க், டூல்ஸ் பட்டியிலுள்ள ஆப்ஷன்ஸில், மொழி அமைப்புகளுக்குள் இயல்பு நாணயம் என்று தனியாகவே ஓர் இடம் வைத்திருக்கிறது. தேடுகிறவர் தேடும் இடத்தில் அதை வைத்திருப்பதால், இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு அதற்குத்தான்.

குறியைப் பூட்டி அனுப்பிய பிறகு அத்தை மகனுக்கும் ரூபாய் தெரிந்தது. ஆனால் மொத்தத் தொகையான 4,85,000 அவனுக்கு 485,000 என்று தெரிந்தது, ஏனென்றால் லட்சக் காற்புள்ளியை வைக்க அவன் கணினிக்குத் தெரியாது. அதற்கு கஸ்டம் பகுதியில் இப்படி எழுதினேன்:

[>=10000000][$₹-4009]##\,##\,##\,##0;[>=100000][$₹-4009]##\,##\,##0;[$₹-4009]##,##0

கோடிக்கு ஒரு பகுதி, லட்சத்துக்கு ஒரு பகுதி, மற்றவற்றுக்கு ஒரு பகுதி என்று மூன்றையும் அரைப்புள்ளி பிரிக்கிறது. கழித்தல் எண்கள் எல்லாம் மூன்றாவது பகுதியில் போய் விழுவதால் அவற்றுக்கு லட்சக் காற்புள்ளி கிடைக்காது. வீட்டுச் செலவுக் கணக்கில் கழித்தல் எண் எதுவும் இல்லாததால் நான் இதோடு விட்டுவிட்டேன்.