எந்த வரியில் இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 22 வருஷமாகத் தமிழ் நடத்துகிறேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நாவல் படிக்கச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பிளஸ் டூவுக்கு வருகிற பிள்ளையின் கையில் விடை தயாராக இருக்கும். எந்தக் கதையைக் கொடுத்தாலும் முன்னுரை, கதைமாந்தர் பண்புநலன், கதை உணர்த்தும் நீதி, முடிவுரை. கதையைப் படிக்காமலே எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். 'அன்பும் பண்பும் நிறைந்தவள்' என்று ஒருத்தியைப் பற்றி ஒரு பையன் அரைப் பக்கம் எழுதியிருந்தான். அந்தக் கதையில் மருமகளைப் படுத்தி வைப்பவளே அவள்தான்.

ஆரம்பத்தில் நானும் வரிசைப்படி, 1879-இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலிருந்து தொடங்கிப் பார்த்தேன். தமிழின் முதல் நாவல் என்ற மரியாதை எனக்கு இருந்தது. பிள்ளைகளுக்குத் தூக்கம் வந்தது. இப்போது ஜெயகாந்தனிடமிருந்து தொடங்குகிறேன்.

1966-இல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. மழை பெய்யும் சாயங்காலம், பெண்கள் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் மாணவி, ஒரு பெரிய கார். காரில் வந்தவன் அவளை ஏற்றிக்கொண்டு போய்ச் சீரழித்துவிடுகிறான். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லி அழுகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். பெரிய சர்ச்சை கிளம்பியது. சில வருஷம் கழித்து அவரே, அந்த அம்மா அப்படிச் செய்யாமல் ஊருக்கே கேட்கும்படி அலறியிருந்தால் என்ன ஆகும் என்று எடுத்துக்கொண்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். 1972-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு அதற்குத்தான்.

சிறுகதையை நூலகப் பீரியடில் நானே வாய்விட்டுப் படிப்பேன். நாவல், நாலு பேருக்கு ஒரு பிரதி என்று சுற்றுக்குப் போகும்.

இந்த அம்மா எப்படிப்பட்டவள் என்று கேட்டேன். "தாய்மையின் சிகரம் மிஸ்" என்றாள் ஒரு பெண், கண் இமைக்காமல். "எந்த வரியில இருக்கு?" என்றேன். நான் ஓயாமல் கேட்கிற கேள்வி இது. முதுகுக்குப் பின்னால் எனக்கு 'எந்த வரி மிஸ்' என்றே பெயர்.

உட்கார்ந்து மறுபடி படித்தாள். பத்து நிமிஷம் போயிருக்கும். "மிஸ், சூயிங்கம்" என்றாள்.

காரில் வந்தவன் கொடுத்த சூயிங்கம் அது. தண்ணீர் ஊற்றி முடித்த பிறகும் மகள் அதை மென்றுகொண்டிருப்பாள். அம்மா கவனித்து, துப்பச் சொல்லி, வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வாள். "தண்ணி ஊத்துனதுலயே எல்லாம் போச்சுன்னு நம்பியிருந்தா, இத எதுக்கு மிஸ் துப்பச் சொல்றாங்க?"

எத்தனையோ தடவை படித்த கதை. எனக்கே அது தோன்றியதில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. அம்மாவுக்கே உள்ளூரச் சந்தேகம் என்றது ஒரு கட்சி. அவன் கொடுத்ததில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான், அதுவும் போகட்டும் என்று நினைத்தாள் என்றது இன்னொன்று. மணி அடிக்கும்வரை சண்டை. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது நோட்டில் ஏறி, அடுத்த வருஷம் தம்பி தங்கைகளுக்கு விடையாகப் போய்ச் சேரும்.

நாவலில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்குள் ஓர் எழுத்தாளர் வருகிறார். நாவலின் நாயகி கங்கா, அவர் எழுதிய 'அக்கினிப் பிரவேச'த்தை ஒரு பத்திரிகையில் படிக்கிறாள். அம்மா அலறியதால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவள், அலறாத அம்மாவை அச்சில் பார்க்கிறாள். இந்த இடத்தில் பிள்ளைகள் குழம்புவார்கள். குழம்பட்டும் என்று விட்டுவிடுவேன். சாயங்காலம் மெக்கானிக் கடைக்குப் போகிற ஒரு பையன், பின் பெஞ்சிலிருந்து சொன்னான்: "எங்கம்மாவும் சீரியல்ல சில சீன் வந்தா டிவிய அமத்திட்டு எழுந்து போயிடும் மிஸ்." அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். பரீட்சை நேரத்தில் பையன் கதைப் புத்தகம் வைத்துக்கொண்டிருக்கிறானாம். "இதுக்கு எவ்ளோ மார்க்கு மிஸ்?" என்றார். ஒரு மார்க்கும் இல்லைம்மா என்றேன்; பொய் சொல்ல முடியுமா? கோபமாகத்தான் வந்தார். புத்தகத்தை என் மேஜையில் வைத்தவர், கையை எடுக்கவில்லை.

"கடைசில அந்தப் பொண்ணு என்ன ஆவுது?"

படிச்சுப் பாருங்களேன் என்று திருப்பிக் கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டு போனார். மூன்று வாரம் ஆகிறது. அந்தப் பிரதிக்காக இன்னும் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். நான் கேட்டு அனுப்பவில்லை.