வானொலியையே கொடையாகக் கொடுத்தவர்கள்

வணக்கம், நேயர்களே. ஒலிபரப்பில் சம்பாதித்தவர்கள் பலர் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வானொலி நிலையத்தையே ஊருக்குக் கொடுத்துவிட்ட குடும்பம் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் இருந்தது. டோரதி புல்லிட் அம்மையாரின் குடும்பம்.

1892-இல் வசதியான வீட்டில் பிறந்தவர். 1929-இல் தந்தை, பிறகு சகோதரர், 1932-இல் கணவர் என்று வரிசையாகப் பறிகொடுத்தார். நாடே பொருளாதார மந்தத்தில் திணறிய நேரம் அது. கையில் மூன்று பிள்ளைகள். குடும்பத்தின் ரியல் எஸ்டேட் தொழிலை அவரே எடுத்து நடத்தினார். அதே ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குக் கணவர் போக வேண்டிய இடத்தில் இவர் போனார்.

1947-இல் ஒரு சின்ன வானொலி நிலையத்தை வாங்கி, அதற்கு ‘கிங்’ என்று பெயர் வைத்தார். அப்புறம் 1949-இல் 3,75,000 டாலர் கொடுத்து ஒரு தொலைக்காட்சி நிலையம். ஊரில் தொலைக்காட்சிப் பெட்டியே அபூர்வமாக இருந்த காலம். துணிச்சல்தான்!

இடையே வாஷிங்டன் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவிலும் பணியாற்றினார். ஒலிபரப்பு நிறுவனத்தின் தலைவராக இருந்த மகன் ஸ்டிம்சன், 1966-இல், வியட்நாம் போரை எதிர்த்துத் தானே திரையில் தோன்றித் தலையங்கம் வாசித்தார். விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் நிலையம் அப்படிப் பேசுவது லேசுப்பட்ட காரியமில்லை. என்னைக் கேட்டால், நன்கொடைகளைவிட இதைத்தான் பெரிய பொதுப்பணி என்பேன்.

நன்கொடையும் குறைவில்லை. 1952-இலேயே அறக்கட்டளை தொடங்கிவிட்டார். 1989-இல் அவர் மறைந்த பிறகு, மகள்கள் ஹாரியட்டும் பேட்ஸியும் நிறுவனத்தை விற்று, பெரும் பணத்தை அந்த அறக்கட்டளைக்கே விட்டார்கள். காடு, ஆறு, காற்று என்று சுற்றுச்சூழல் பணிகளுக்கு அது போனது. அறக்கட்டளை 2013-இல் கட்டிய ஆறு மாடிக் கட்டடத்தில், சூரியத் தகடுகள் சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடிச் சுவரோடு படிக்கட்டு முன்னால் பளிச்சென்று இருக்கும். லிஃப்டைத்தான் தேட வேண்டும். எல்லாரும் நடந்து ஏறட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

விற்பனையில் ஒன்றை மட்டும் சகோதரிகள் சேர்க்கவில்லை: மேற்கத்திய செவ்வியல் இசை ஒலிபரப்பிய ‘கிங்’ பண்பலை வானொலி நிலையம். விற்றிருந்தால் வாங்கியவர் இசையை மாற்றியிருக்கலாம். அதனால் நகரத்தின் ஆப்பெரா (இசை நாடகக் குழு), சிம்பொனி (பெரிய வாத்தியக் குழு) முதலிய கலை அமைப்புகளுக்கு வருமானம் போகும்படி அதைக் கொடுத்துவிட்டார்கள். 2011-இல் அது விளம்பரங்களை விட்டுவிட்டு, நேயர்கள் தரும் பணத்தில் இயங்கத் தொடங்கியது.