காலைத் தொடாமலே கால் இளகுமா? பின்தொடை இறுக்கமும் பிடரி வைத்தியமும்

பின்தொடை இறுக்கம் என்று போனவரை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். பிடரிக்குக் கீழே விரல்நுனிகளைக் கொடுத்து, சில நிமிடம் அப்படியே தாங்கிப் பிடிக்கிறார்கள். காலில் கை படவே இல்லை. எழும்பிக் குனிந்து பார்த்தால், விரல் முன்பைவிடக் கீழே போகிறது!

வணக்கம் மக்களே, மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன். மருதமுனையில் தறியில் இருப்பவர், நாள் முழுக்க ஓட்டோ ஓட்டுபவர், வெபர் மைதானத்தில் பந்தடிக்கிற பிள்ளை, எல்லாருக்கும் தெரிந்த தொல்லைதான் இந்தப் பின்தொடை இறுக்கம். அங்கே இருப்பது மூன்று தசை. கதிரையில் அழுந்துகிற எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே போய் ஒட்டும். உடற்கூறு இவ்வளவு போதும்.

எண்ணெய் போட்டு உருவுவது சுகம், ஆனால் என் கணக்கில் அது தொடக்கம் மட்டும்தான்.

சரி, தொடக்கத்தில் சொன்ன பிடரி வைத்தியத்துக்கு வருவோம். மண்டை ஓடு கழுத்தோடு சேருகிற இடத்தில் நான்கு சோடி குட்டித் தசைகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணரிகள் அவற்றில் மிக நெருக்கமாக இருக்கும். அதோடு, முள்ளந்தண்டு வடத்தை மூடியிருக்கும் சவ்வோடு அவற்றில் சில இணைந்திருப்பதையும் உடற்கூற்று ஆய்வாளர்கள் 1990களிலேயே காட்டிவிட்டார்கள். அங்கே பிடித்தால் கால் எப்படி இளகுகிறது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதைச் செய்த உடனேயே பின்தொடை இளகிக் கொடுக்கும் அளவு கூடியது. எனக்கு இதில் பிடித்ததே இதுதான்: சில நிமிடத்தில் எந்தத் தசையும் வளர்ந்து நீளமாகாது. "இதற்கு மேல் இழுக்காதே" என்று நரம்பு மண்டலம் போட்ட தடை கொஞ்சம் தளர்ந்திருக்கலாம், அவ்வளவுதான். அதனால், வலிக்க வலிக்க அழுத்தினால்தான் இளகும் என்று நம்பி யாரிடமும் காலைக் கொடுக்காதீர்கள்.

அப்படியென்றால் நான் எதைத் தெரிவு செய்வேன்? இறுக்கித் தளர்த்தும் முறையை. 1940களில் அமெரிக்க மருத்துவர் ஹெர்மன் கபட் தொடக்கிவைத்த சிகிச்சை வழியில் வந்தது இது. பிசியோ, அதாவது இயன்மருத்துவர், உங்கள் காலை நேராகத் தூக்கி, பின்தொடை இழுக்கிற இடத்தில் நிறுத்துவார். நீங்கள் குதிகாலால் அவர் கையைக் கீழே தள்ள வேண்டும், பாதி பலத்தில், 5 முதல் 10 செக்கன். அப்புறம் விட்டுவிட்டு மூச்சை வெளியே விடுங்கள். கால் இன்னும் கொஞ்சம் மேலே போகும். மூன்று நான்கு தடவை போதும். வீட்டில் ஆள் இல்லையா? ஒரு நீளத் துவாயைப் பாதத்தில் மாட்டிப் பிடித்தாலும் நடக்கும். பிடரி வைத்தியத்தை இதற்கு முன்னால் சேர்த்துக்கொள்ளலாம், இதற்குப் பதிலாக வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். கதிரையில் கூனி இருந்து காலை நீட்டுங்கள். தலையைக் குனிந்தால் பின்தொடை இழுவை கூடி, நிமிர்ந்தால் குறைகிறதா? அது தசையாக இல்லாமல் நரம்பாக இருக்கலாம். இழுக்காமல் ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். விளையாடும்போது படக்கென்று பிடித்து, வீங்கிக் கண்டிப்போனாலும் அப்படித்தான்.

இன்றைக்கே குனிந்து, விரல் எதுவரை போகிறது என்று பாருங்கள். இரண்டு கிழமை செய்துவிட்டு, முன்னும் பின்னும் இருந்த அளவைக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் வாசிப்பேன்.