போர் தண்ணியில வேப்பெண்ணெய் ஏன் திரியுது? ஸ்பிரே டப்பாவுக்குள்ள என்ன நடக்குது?

வணக்கம் மக்களே. மேசையில இருக்கிற இந்த ரெண்டு கண்ணாடி டம்ளரைப் பாருங்க, கேமராவைக் கிட்ட கொண்டு வர்றேன். ரெண்டுலயும் ஒரே வேப்பெண்ணெய், ஒரே காதி சோப்பு, ஒரே அளவு. இடது பக்கம் ஊருணித் தண்ணி, வலது பக்கம் கடலோரத்துப் போர் தண்ணி. இடது டம்ளர் சீரான வெள்ளையா நிக்குது. வலது டம்ளர்ல மேல மஞ்சளா எண்ணெய் வளையம் கட்டியிருக்கு, அதுக்குக் கீழ தயிர்த் துணுக்கு மாதிரி வெள்ளை வெள்ளையா மிதக்குது. சாயல்குடி, கடலாடி பக்கம் முண்டு மிளகாய் போட்டவங்க இந்த வலது டம்ளரைத்தான் டேங்குக்குள்ள அடிக்கடி பார்க்குறீங்க. நாசில் அடைக்குது, இலையில எண்ணெய்த் திட்டு விழுந்து கருகுது, இலைப்பேன் மட்டும் அப்படியே இருக்கு. உடனே "மருந்து டூப்ளிகேட்"னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறோம். எண்ணெய் மேல தப்பு இல்லைங்க, தண்ணி மேலதான்.

எண்ணெயும் தண்ணியும் தானா கலக்காது. அடிச்சுக் கலக்கினா எண்ணெய் சின்னச் சின்ன துளியா உடையும், விட்டா மறுபடி ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து மேல வந்துரும். துளியைச் சுத்தி ஒரு தோல் போட்டா சேராது. அந்தத் தோல்தான் எமல்சிஃபையர். அதோட ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணியைப் பிடிக்கும். சோப்புல தண்ணியைப் பிடிக்கிற முனைக்கு எதிர்மின்சுமை இருக்கு. ஒவ்வொரு துளியும் எதிர்மின்சுமையோட இருக்கறதால ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே நிக்கும்.

கடலோர போர் தண்ணியில கால்சியம், மெக்னீசியம், சாதா உப்பு எல்லாமே தாராளம். ஒரு கால்சியம் ரெண்டு சோப்பு மூலக்கூறைப் பிடிச்சு, கரையாத கசடா ஆக்கிடும். அந்தத் தயிர்த் துணுக்கு அதுதான். மிச்சம் இருக்கிற சோப்புக்கும் நிம்மதி இல்லை. தண்ணியில உப்பு ஏற ஏற அந்த மின்சுமையோட வீச்சு சுருங்கிடும், துளிகள் ஒண்ணுக்கொண்ணு நெருங்கி ஒட்டிக்கும்.

எவ்வளவு சோப்பு வீணாகுதுன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்ணியோட கடினத்தன்மை, அதாவது அதுல கரைஞ்சிருக்கிற கால்சியம், மெக்னீசியத்தோட அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம்னு வெச்சுக்குவோம். இந்தியத் தரநிலையில குடிதண்ணிக்கு ஏற்கத்தக்க அளவு 200, வேற தண்ணி இல்லைன்னா 600 வரைக்கும். அதனால 500 ஒண்ணும் அதிசயமான எண் இல்லை. அந்தத் தண்ணி லிட்டருக்கு சுமார் 3 கிராம் சோப்பைத் தின்னுட்டுத்தான் அடங்கும். 10 லிட்டர் டேங்குக்கு 30 கிராம். நீங்க போடுற சோப்பே அவ்வளவுதான்! எண்ணெயைப் பிடிக்க ஒண்ணும் மிஞ்சாது.

இதுக்கு வழி ரெண்டு. ஊருணி, கண்மாய், மாடியில பிடிச்ச மழைத்தண்ணி கிடைச்சா அதுலயே கலக்குங்க. மழைத்தண்ணியில கால்சியம் கிட்டத்தட்ட இல்லைங்கறதால காதி சோப்பே போதும். போர் தண்ணிதான் கதின்னா சோப்பை விட்டுட்டு, மின்சுமை இல்லாத எமல்சிஃபையருக்கு மாறுங்க. கெமிக்கல் கடையில ட்வீன் 80, பாலிசார்பேட் 80னு கேட்டா கிடைக்கும். அதுல பிடிச்சு இழுக்க மின்சுமை இல்லை, அதனால கால்சியத்தால ஒண்ணும் பண்ண முடியாது. பாத்திரம் கழுவுற லிக்விடும் காதி சோப்பை விடக் கொஞ்சம் தாங்கும். ஆனா அதுல என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு தெரியாம மிளகாய்ச் செடி மேல அடிக்க நான் சொல்ல மாட்டேன்.

10 லிட்டருக்கு அளவு எழுதிக்கோங்க. 3 சதவீதக் கரைசலுக்கு வேப்பெண்ணெய் 300 மில்லி. எமல்சிஃபையர் எண்ணெயில பத்துல ஒரு பங்கு, 30 மில்லி. ட்வீன் 80 மட்டும் போட்டாலும் சரி. இன்னும் உறுதியா நிக்கணும்னா ட்வீன் 80-ஐ 21 மில்லியும், ஸ்பான் 80-ங்கற இன்னொரு எமல்சிஃபையரை 9 மில்லியும் போடுங்க. ஒவ்வொரு எமல்சிஃபையருக்கும் எச்.எல்.பி.ன்னு ஒரு எண் இருக்கு, 1949-ல வேதியியலாளர் கிரிஃபின் கொண்டு வந்தது. எண் பெருசா இருந்தா தண்ணிப் பக்கம் சாயும், சின்னதா இருந்தா எண்ணெய்ப் பக்கம். ட்வீனுக்கு 15, ஸ்பானுக்கு 4.3. இந்த விகிதத்துல கலந்தா 12 கிட்ட வரும். பெரிய மூலக்கூறும் சின்ன மூலக்கூறும் இடைவெளி இல்லாம அடுக்கறதால தோல் கெட்டியாகுது.

கலக்குற வரிசையிலதான் முக்காவாசிப் பேர் கோட்டை விடுறாங்க. டேங்க் நிறைய தண்ணி பிடிச்சு, மேல எண்ணெயை ஊத்தி, குச்சியால ஒரு சுத்து சுத்தினா துளி பெருசு பெருசாத்தான் வரும். துளி ரெட்டிப்புப் பெருசானா மேல மிதந்து வர்ற வேகம் நாலு மடங்கு. அதனால முதல்ல பிளாஸ்டிக் வாளியில எண்ணெயையும் எமல்சிஃபையரையும் மட்டும் நல்லாக் கலக்குங்க. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி விடாம அடிங்க. ஆரம்பத்துல எண்ணெய்க்குள்ள தண்ணித்துளி, கலவை இறுகிக்கிட்டே போகும், கைக்கு கனமாத் தெரியும். இன்னும் கொஞ்சம் ஊத்தினா ஒரு கட்டத்துல சட்டுனு இளகி வெள்ளையாயிரும். இங்க பாருங்க, இப்போ மாறுது. உள்ள இருந்த தண்ணி வெளிய போயிருச்சு, எண்ணெய் நுண்துளியா உள்ள வந்துருச்சு. இந்த இடத்தைத் தாண்டாம மொத்தத் தண்ணியையும் கொட்டிடாதீங்க. தாண்டின பிறகு டேங்குல ஊத்தி, மிச்சத் தண்ணியை நிரப்பலாம்.

சரியா வந்துச்சான்னு பார்க்க ஒரு சொட்டை எடுத்து டம்ளர் தண்ணியில விடுங்க. புகை மாதிரி விரிஞ்சு கரைஞ்சா எண்ணெய் உள்ள, தண்ணி வெளிய. சொட்டு சொட்டாவே நின்னா இன்னும் திரும்பலை. விளிம்புல லேசா நீலம் அடிச்சா துளி ரொம்ப நுண்ணியது, அருமை. அரை மணி நேரத்துல மஞ்சள் வளையம் வந்தா அதை வயலுக்குக் கொண்டு போகாதீங்க.

கலந்ததை அன்னைக்கே அடிச்சுருங்க. வேப்பெண்ணெயில வேலை செய்யுற அசாடிராக்டின் வெயில்லயும் காரத்தன்மை கூடின தண்ணியிலயும் சீக்கிரம் சிதையும். சாயங்காலம் அடிங்க. பி.எச். தாள்ல 8 காட்டினா எலுமிச்சை உப்பைச் சிட்டிகை சிட்டிகையாப் போட்டு 6 கிட்ட கொண்டு வாங்க. ஆனா காதி சோப்பு போட்ட கலவையில இதைச் செய்யாதீங்க, அமிலம் பட்டா சோப்பு கொழுப்பமிலமா உடைஞ்சு எல்லாம் திரிஞ்சுரும். கந்தகத்தூள் அடிச்சிருந்தா ரெண்டு வாரமாவது எண்ணெய் வேண்டாம், இலை கருகும்.

இப்போ இந்த கொசு ஸ்பிரே டப்பாவுக்கு வருவோம். குலுக்குறேன், சத்தம் கேட்குதா? உள்ளயும் எமல்ஷன்தான், அதாவது எண்ணெயும் தண்ணியும் துளித்துளியாக் கலந்த கலவைதான், ஆனா தலைகீழ். டேங்குல எண்ணெய் உள்ள, தண்ணி வெளிய. தண்ணி கலந்த பூச்சி ஸ்பிரேயில எண்ணெய் வெளிய, தண்ணி உள்ள. காரணம் எல்.பி.ஜி. புரொப்பேன், பியூட்டேன், ஐசோபியூட்டேன் எல்லாம் அழுத்தத்துல திரவமா எண்ணெயில கரைஞ்சு கிடக்கு. வால்வு திறந்ததும் அது குபீர்னு வாயுவாகி, எண்ணெயைக் கிழிச்சு, உள்ள இருக்கிற தண்ணியையும் தூளாக்கிடும். இதையே திருப்பி, எல்.பி.ஜி.யை உள் துளியாவும் தண்ணியை வெளியவும் வெச்சா என்ன ஆகும்? ஒவ்வொரு வாயுத்துளியையும் சுத்தி தண்ணித்தோல் உப்பி நுரை வரும். ஷேவிங் ஃபோம் அப்படித்தான், அங்க தோல் போடுறது ஸ்டியரிக் அமிலமும் டிரைஎத்தனாலமீனும் சேர்ந்த சோப்பு. சரக்கு கிட்டத்தட்ட அதே சரக்குதான். எது எதுக்குள்ள இருக்குங்கறதை வெச்சே ஒண்ணு புகையா வருது, ஒண்ணு நுரையா வருது.

"குலுக்கி உபயோகிக்கவும்"னு எழுதியிருக்கறதைச் சம்பிரதாயமா எடுத்துக்காதீங்க. இந்த எமல்ஷன் சில நிமிஷத்துலயே பிரியும். தண்ணி கனம், அடியில தங்கும். எல்.பி.ஜி. திரவம் அதுல பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட, மேல மிதக்கும். உள்ளக் குழாய் அடியைத் தொட்டுக்கிட்டு இருக்கறதால குலுக்காம அடிச்சா வெறும் தண்ணி சொட்டுச் சொட்டாத் தெறிக்கும். கடைசியில தண்ணி தீர்ந்து எண்ணெயும் எல்.பி.ஜி.யும் மட்டும் சீறும்.

1940-கள்ல அமெரிக்க வேளாண் துறையில குட்ஹியூவும் சலிவனும் ராணுவத்துக்காகக் கொசு டப்பா செஞ்சப்போ உள்ள இருந்தது சி.எஃப்.சி.ங்கற தீப்பற்றாத வாயு. அது ஓசோனை அரிக்கும்னு 1974-ல மொலினா, ரோலண்டுங்கற விஞ்ஞானிங்க சொன்னாங்க, அதைக் கட்டுப்படுத்த 1987-ல மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்துச்சு. இடத்தைப் பிடிச்ச எல்.பி.ஜி. பத்திக்கிற சரக்கு. உள்ள தண்ணி சேர்க்கிறது விலையையும் குறைக்கும், தீயையும் கொஞ்சம் அடக்கும். கொஞ்சம்தான். மண்டபம், பாம்பன், தொண்டி படகுக்காரங்க கவனிங்க: இந்த வாயு காத்தை விட ஒன்றரையிலிருந்து ரெண்டு மடங்கு கனம். எஞ்சின் அறையில அடிச்சா கலையாம அடியில தேங்கி நிக்கும். காத்துல ரெண்டு சதவீதம் கிட்ட இருந்தாலே ஒரு பொறி போதும். மூடியைத் திறந்து போட்டு, அடுப்பை அணைச்சு, பேட்டரி சுவிட்சைத் தொடாம அடிங்க. அடிச்ச பிறகும் காத்தோட விட்டுட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

வெயில்ல வெச்சா என்ன? ஐசோபியூட்டேன் 21 டிகிரியில சுமார் 31 பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும். 50 டிகிரியில அது 80-ஐத் தாண்டும். பங்குனி வெயில்ல பூட்டின காரோட டேஷ்போர்டு, படகுல தகரப் பெட்டி ரெண்டும் அந்தச் சூட்டை எட்டும்.

துருவும் இங்க பெரிய விஷயம். எண்ணெய் வெளிய இருக்கிற எமல்ஷன்ல தகரத்தைத் தொடுறது எண்ணெய், அதனால உள்பக்கம் பிழைச்சுக்கும். தண்ணியில துளி குளோரைடு உப்பு இருந்தாலும் ஊசிக்குத்து மாதிரி துளை போடும்னுதான் கம்பெனியில உப்பெடுத்த தண்ணியை ஊத்துறாங்க. வெளிப்பக்கத்தைக் கவனிக்கிறது நம்ம வேலை. இந்த மேல் விளிம்பைப் பாருங்க, வால்வுக் கிண்ணத்தைச் சுத்தி ஒரு பள்ளம். கடல் காத்து ஈரம் இதுக்குள்ளதான் தேங்கி, உப்பு காயும். வாங்கின அன்னைக்கே துணியில ரெண்டு சொட்டு எண்ணெய் தொட்டு இங்கயும் அடி விளிம்புலயும் துடைச்சு விடுங்க, சிமெண்ட் தரையில நிறுத்தாம பலகை மேல வையுங்க. இந்தப் பள்ளத்துல செதில் செதிலாத் துரு உரிஞ்சா அந்த டப்பாவைக் குலுக்கவே வேண்டாம். வெட்டவெளியில, காத்துக்கு முதுகு காட்டி நின்னு, தீ எதுவும் பக்கத்துல இல்லாத இடத்துல மெதுவா அடிச்சுத் தீர்த்துருங்க. காலியான டப்பாவை ஆணியால குத்தாதீங்க, குப்பையோட எரிக்காதீங்க. காலின்னு தெரிஞ்சாலும் உள்ள வாயு மிச்சம் இருக்கும்.