மண்வெட்டியோடு வந்த பல்கலைக்கழகம்

[காட்சி: அலை வடிந்த ஈரமணல். ஒரு சிறுமியின் வெறுங்கால்கள்.]

கடற்கரையில் அலை வடிந்த இடத்தில் நின்று, காலை மாற்றி மாற்றி மிதித்துப் பாருங்கள். கெட்டியாக இருந்த மணல் குழையும். நீர் மேலே கசியும். பாதம் மெல்ல உள்ளே இறங்கும்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2011 பிப்ரவரி 22 அன்று தெருத்தெருவாக நடந்தது இதுதான். அங்கே மிதித்தது பூமி, இறங்கியவை வீடுகள்.

[காட்சி: நகர வரைபடம். கிழக்கே வளைந்து செல்லும் ஏவன் ஆறு.]

பிற்பகல் 12:51. 6.3 அளவுள்ள நிலநடுக்கம், நகரத்துக்கு மிக அருகில், அதிக ஆழமில்லாத இடத்தில். 185 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 115 பேர் இடிந்து விழுந்த ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். ஆங்கிலம் படிப்பதற்காகக் கடல் கடந்து வந்திருந்த பிள்ளைகள் பலரும் அங்கேதான் மடிந்தார்கள்.

கிழக்குப் பகுதியின் அடிமண் நீர் ஊறிய மணலும் வண்டலும். குலுங்கியதும் அது கஞ்சிபோல் இளகி, தரையின் வெடிப்புகள் வழியே பொங்கியது. முற்றம், தோட்டம், வாசற்படி எங்கும் சாம்பல் நிறச் சேறு. உடைந்த குழாய்களின் கழிவுநீரும் அதில் கலந்திருந்தது. ஈரமாக இருக்கும்போது ஒரு வாரு வாரினாலே கை கடுக்கும். காய்ந்தால் தூசியாகப் பறந்து கண்ணை மறைக்கும். தனியாக வாழும் ஒரு முதியவர் இதை எப்படி அள்ளுவார்?

[காட்சி: மண்வெட்டிகளோடு வரிசையாக நடந்து வரும் இளைஞர்கள்.]

அந்த நகரில் உள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அள்ளினார்கள். அந்தப் பிப்ரவரியில்தான் திடீரென்று கிளம்பினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்து மாதங்களுக்கு முன்பு, 2010 செப்டம்பர் 4 அன்று, அந்த வட்டாரத்தை 7.1 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியிருந்தது. அப்போதே சாம் ஜான்சன் என்ற மாணவர் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கி, சேறு அள்ள ஆள் சேர்த்தார். மாணவர் தொண்டர் படை உருவானது அப்படித்தான். அனுபவமில்லாத இளைஞர்கள் என்று அவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தவர்களும் உண்டு. பிப்ரவரியில் அந்தப் படை பல்லாயிரமாகப் பெருகியது.

இது பல்கலைக்கழகத்தால் எப்படி முடிந்தது? உடல் வலுவுள்ள ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் இருந்தார்கள், ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். வகுப்புகள் நின்றுபோனதால் கையில் நேரம் இருந்தது. மேற்குப் பக்கத்தில் இருந்த வளாகத்தின் நிலம் பெரும்பாலும் தாங்கிவிட்டது. ஆனால் இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒழுங்கு என்பேன். எந்தத் தெருவுக்கு எத்தனை பேர், யார் தலைமை, எந்தப் பஸ், மதியச் சோறு எங்கே என்று ஒவ்வொன்றையும் அமர்ந்து திட்டமிட்டவர்களும் மாணவர்களே. நல்ல மனத்தோடு வரும் கூட்டத்தைக்கூட ஒழுங்கில்லாமல் விட்டால், அதுவே நகரத்துக்கு இன்னொரு சுமை.

[காட்சி: வாகன நிறுத்துமிடத்தில் பெரிய வெள்ளைக் கூடாரங்கள்.]

கட்டடங்களைச் சோதித்து முடிக்கும்வரை கூடாரங்களில் பாடம் நடந்தது. அதே ஆண்டில் பல்கலைக்கழகம் ஒரு புதிய பாடத்தைத் தொடங்கியது. நகரத்தை மீண்டும் கட்டுவது பற்றிய பாடம். சேறு அள்ளிய மாணவர்கள் அந்த அனுபவத்தைப் பற்றிப் படித்து, யோசித்து, எழுதினார்கள். பட்டப்படிப்பில் அந்தப் பாடமும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இந்த முடிவை நான் பெரிதும் மதிக்கிறேன். நம் கையால் உதவி பெற்றவருக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது, அதை அவரிடம் கேட்டோமா? இந்தக் கேள்வியைக் கேட்க வகுப்பறை வேண்டும்.

அதேவேளையில் பொறியியல் துறையினர் தெருத்தெருவாகச் சென்று, நிலம் எங்கே இளகியது, எங்கே தாங்கியது என்று வரைபடமாக்கினார்கள். மீண்டும் எங்கே கட்டலாம் என்று முடிவெடுக்க, இத்தகைய நில ஆய்வுகள் தேவைப்பட்டன.

[காட்சி: ஒரு சரக்குக் கொள்கலன். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கேமரா.]

2012-இல் மொழியியல் துறையினர் ஒரு சரக்குக் கொள்கலனை ஒலிப்பதிவு அறையாக மாற்றினார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். அமர்ந்து, தன் நிலநடுக்கக் கதையைச் சொல்லலாம். 700-க்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். அவை பல்கலைக்கழகத்தின் மின்னணு ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தன. இதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இழப்பைச் சொல்ல ஓர் இடமும், கேட்க ஒரு காதும் கிடைப்பது சோற்றுக்கும் கூரைக்கும் அடுத்துவரும் தேவை.

[காட்சி: ஆற்றங்கரையில் பரந்த புல்வெளி. வீடுகள் இல்லை.]

2011 ஜூனில் மீண்டும் பெரிய அதிர்வுகள். அள்ளிய இடத்தில் மறுபடியும் சேறு. அந்த மாதமே அரசு, மறுபடி கட்டுவதற்கு ஏற்றதல்ல என்று பெரும் பகுதிகளை அறிவித்தது. சுமார் 8,000 வீட்டுமனைகள் கைவிடப்பட்டு, வீடுகள் அகற்றப்பட்டன. மாணவர்கள் சேறு அள்ளிய முற்றங்கள் பலவும் அவற்றில் அடங்கும்.

இன்று அங்கே புல் வளர்ந்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் வைத்த மரங்கள் சில இன்னும் நிற்கின்றன, வேலியில்லாத தோட்டத்தின் அடையாளமாக. அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களின் குரல்களை, காப்பகத்தைத் திறந்தால் கேட்கலாம்.