ஊசித்துளை சொன்ன வரிசை

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டு பீரோவின் அடித்தட்டில் அம்மாவின் கல்யாணப் பட்டு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாக யாரும் தொடவில்லை. ஒரு நாள் எடுத்துப் பிரித்தால், மடிப்பு இருந்த இடமெல்லாம் நேர்கோடாக விட்டுப்போயிருக்கும். அதற்காகத்தான் கும்பகோணத்தில் என் அம்மா வருடத்துக்கு ஒரு முறை எல்லாப் பட்டையும் வெளியே எடுத்து, நிழலில் ஆறப்போட்டு, பழைய மடிப்பு விழாமல் வேறு மாதிரி மடித்து வைப்பார். அன்றைக்கு ஊஞ்சல் முழுக்கப் புடவையாகக் கிடக்கும். எங்களுக்கு உட்கார இடம் இருக்காது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பேசவந்தது அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன் சிகரெட்டோடு இலவசமாகக் கொடுத்த பட்டுத் துண்டுகளைப் பற்றி. ஆனால் எந்த ஊர்ப் பட்டானாலும் அதற்கு வரும் நோய் ஒன்றுதான். அம்மாவிடம் கற்றதைத்தான் நான் அங்கே போய், அந்தத் துண்டுகளைச் சேர்த்துவைத்து 22 வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

சரி, அது என்ன துண்டு? 1910, 1911 வாக்கில் அமெரிக்காவில் ஓல்டு மில், டர்க்கி ரெட் போன்ற சிகரெட்டுகளை வாங்கினால் கூடவே ஒரு பளபளப்பான துணித் துண்டு வரும். இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அகலம், மூன்று அங்குல நீளம். தீப்பெட்டியைவிடப் பெரியது, உள்ளங்கையில் அடங்கிவிடும். அதில் ஒரு பேஸ்பால் வீரரின் மார்பளவுப் படம் அச்சாகியிருக்கும். டை காப், கிறிஸ்டி மேத்யூசன், சை யங் என்று அந்தக் காலத்து அமெரிக்கச் சிறுவர்கள் மூச்சுவிடாமல் சொன்ன பெயர்கள். பட்டு என்று பெயர் இருந்தாலும் நெசவு ஸாட்டின். ஸாட்டினில் நூல் ஒன்றுக்கொன்று மாற்றி மாற்றிப் பின்னாமல், நாலைந்து இழையைத் தாண்டி மேலே மிதந்து போகும். அந்த மிதக்கிற நூல்தான் பளபளப்பு. சீக்கிரம் அறுந்துபோவதும் அதே நூல்தான்.

இரண்டு வகை உண்டு. ஒன்று வெள்ளைத் துணி. அதன் பின்னால் விளம்பரம் அச்சிட்ட ஒரு தாள் ஒட்டியிருக்கும். இன்னொன்று வண்ணத் துணி. தாள் கிடையாது, சிகரெட்டின் பெயர் படத்துக்குக் கீழே துணியிலேயே இருக்கும், அரை அங்குலம் நீளம் கூடுதல். வண்ண வரிசையில் ஏறக்குறைய 120 வீரர்கள். இவை தவிர 1911இல் ஏழுக்கு ஒன்பது அங்குலத்தில் 25 வீரர்களைக் கொண்ட பெரிய பட்டும் வந்தது. அதன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தால் நேரம் போய்விடும்.

சிகரெட்டோடு அட்டைப் படம் கொடுப்பது அதற்கு முன்பே பழக்கமாகிவிட்டது. மெல்லிய சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையை ஏன் வைக்க வேண்டும் என்று படம் போட்டார்கள். இது புரிகிறது. ஆனால் துணி எதற்கு? துணி எதையும் நசுங்காமல் காக்காது. இதை நினைத்துப் பார்த்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

துணி வீட்டுப் பெண்களுக்காக. அன்றைய அமெரிக்காவில் சிகரெட் ஆண்கள் சமாச்சாரம். 1908 ஜனவரியில் நியூயார்க் நகர மன்றம் பொது இடங்களில் பெண்கள் புகைக்க இடம் கொடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. இரண்டு வாரத்தில் மேயர் அதை ரத்து செய்தார் என்பது வேறு விஷயம். பெண்ணிடம் சிகரெட்டை விற்க முடியாது. ஆனால் கணவனோ அப்பாவோ எந்த சிகரெட்டை வாங்க வேண்டும் என்று அவளைச் சொல்லவைக்க முடியும். எப்படி? தைப்பதற்குத் துணி கொடுத்தால் போதும். பூ, பட்டாம்பூச்சி, தேசியக் கொடி, நடிகைகள் என்று எத்தனையோ வரிசைகள் பட்டில் வந்தன. அவற்றைச் சேர்த்துத் தைத்தால் தலையணை உறை, இன்னும் சேர்த்தால் ஒட்டுப்போட்ட போர்வை. சுருட்டுக் கட்டைச் சுற்றிவரும் மஞ்சள் பட்டு நாடாவைச் சேர்த்துப் போர்வை தைப்பது ஏற்கெனவே அங்கே பழக்கத்தில் இருந்தது. அந்தப் பழக்கத்தைக் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன.

ஆகவே இந்தத் துண்டுகள் ஊசிக்காகவே பிறந்தவை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது தரம் பார்க்கிற கதை. பழைய பேஸ்பால் அட்டைகளுக்கு மதிப்பெண் போடுவதற்கென்றே அமெரிக்காவில் நிறுவனங்கள் இருக்கின்றன. அட்டையை அனுப்பினால் பார்த்து, 1 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்து, கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் வைத்துத் திறக்க முடியாதபடி மூடி அனுப்புவார்கள். ஒரு எண் கூடினால் விலை இரட்டிக்கும், சில சமயம் அதற்கும் மேலே போகும். பட்டையும் இப்படித்தான் பார்க்கிறார்கள். மூலை கூராக இருக்கிறதா, ஓரம் நேரா, படம் நடுவில் இருக்கிறதா, மேற்பரப்பில் கறை உண்டா? அட்டைக்கு இது சரி. துணிக்கு?

துணியில் பார்க்க வேண்டியது வேறு. ஓரத்தில் நூல் எத்தனை இழை பிரிந்திருக்கிறது, மிதக்கிற நூல் அறுந்து பஞ்சு எழும்பியிருக்கிறதா, மடிப்பில் விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாயம் வெளுத்திருக்கிறதா என்றால் முன்பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது, திருப்பிப் பின்பக்கத்தோடு ஒப்பிட வேண்டும். பழைய புடவையில் முந்தானையின் உள்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறோமே, அதே காரியம். வெள்ளை வகையானால் பின்தாள் இருக்கிறதா என்பது பெரிய கேள்வி. தைத்தவர்கள் தாளை உரித்துவிட்டுத்தான் தைத்தார்கள், அதனால் தாளோடு கிடைப்பது அபூர்வம்.

போலிகளும் உண்டு. ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். கல்யாண ரிசப்ஷன் மேடையில் ஊதா விளக்கு போட்டால் வெள்ளை வேட்டியும் சட்டையும் மட்டும் நீலமாகப் பளீரென்று எரியும், பார்த்திருப்பீர்கள். சோப்புத்தூளிலும் இன்றைய துணியிலும் கலக்கிற வெண்மையூட்டியின் வேலை அது. 1911இல் அந்த ரசாயனம் கிடையாது. புறஊதா விளக்கின் கீழே பட்டு பளீரிட்டால் ஒன்று புதிதாகச் செய்தது, இல்லையென்றால் யாரோ சோப்புத்தூளில் அலசியிருக்கிறார்கள். இரண்டுமே நமக்கு ஆகாது.

அப்புறம் ஊசித்துளை. ஓரத்தில் வரிசையாகத் துளை இருந்தால் மதிப்பெண் இறங்கிவிடும். இங்கேதான் எனக்கு மனத்தாங்கல். அது ஏன் என்று சொல்ல ஒரு தலையணை உறையின் கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் சேர்க்கத் தொடங்கிய இரண்டாவது வருடம். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ஒரு கிராமம். ஒரு பாட்டி இறந்துபோய் வீட்டுச் சாமான்களை வாசலில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தலையணை உறை. பதினாறு பட்டு, நாலுக்கு நாலு, எல்லாம் வண்ண வகை. சந்துகளின் மேல் மஞ்சள் நூலால் கொடி ஓடுவதுபோல் அலங்காரத் தையல். விற்ற அம்மாள், தன் கொள்ளுப்பாட்டி தைத்தது என்றார். நாற்பது டாலர். நான் அந்தத் தையலைப் பார்க்கவே இல்லை. என் கண்ணில் பட்டது வலது கீழ் மூலையில் இருந்த மேத்யூசன் மட்டும்தான். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்குப் பந்து வீசியவர், 373 ஆட்டம் ஜெயித்தவர். 1905 உலகத் தொடரில், அதாவது அந்த வருடத்து பேஸ்பால் இறுதிப் போட்டித் தொடரில், மூன்று ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஓட்டம்கூடக் கொடுக்காதவர்.

வீட்டுக்கு வந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து பிளேடால் தையலைப் பிரித்தேன். மஞ்சள் நூலைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. பிரித்தபோது ஒன்றை மட்டும் கவனித்தேன். தையலுக்குள் மடங்கியிருந்த கால் அங்குலம் அசல் நிறத்தில் இருந்தது, நல்ல கத்தரிப்பூ நிறம். வெளியே தெரிந்த பகுதியெல்லாம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. நூறு வருட வெயிலின் கணக்கு அந்தக் கால் அங்குலத்தில் தெரிந்தது.

மேத்யூசனைத் தரம் பார்க்க அனுப்பினேன். 2 என்று வந்தது. ஊசித்துளை காரணம். பிளாஸ்டிக் உறையில் மூடித் திரும்பி வந்தார். மற்ற பதினைந்தையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டேன்.

நாலைந்து வருடம் கழிந்திருக்கும். என் அம்மா காலமாகி, ஊருக்கு வந்து அவர் பீரோவைத் திறந்தேன். ஒவ்வொரு புடவைக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு, எப்போது மடிப்பு மாற்றினேன் என்று அவர் கையெழுத்தில் தேதி. திரும்பிப் போனதும் அந்த டப்பாவை எடுத்தேன். அந்தத் தலையணை உறையைத் தைத்த பெண் எந்த வரிசையில் தைத்திருந்தாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன், மேத்யூசனைத் தவிர எதுவும் நினைவில்லை. அப்போதுதான் துளைகளைப் பார்த்தேன். கைத்தையலில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் உள்ள இடைவெளி மெஷின் மாதிரி ஒரே சீராக இருக்காது. ஒன்று நெருங்கும், ஒன்று விலகும். இரண்டு துண்டைச் சேர்த்து வைத்துத் தைத்தால் இரண்டிலும் ஒரே இடைவெளிதான் விழும். அப்படியானால் இந்தத் துண்டின் வலது ஓரத் துளைகளும், அதற்குப் பக்கத்தில் இருந்த துண்டின் இடது ஓரத் துளைகளும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் அல்லவா?

பூதக்கண்ணாடியும் மெல்லிய வெள்ளைத்தாளும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓரத்தையும் தாளில் புள்ளியாகக் குறித்துக்கொண்டேன். பதினாறு துண்டு, அறுபத்து நாலு ஓரம். மேத்யூசனுக்காகப் பிளாஸ்டிக் உறையை உடைத்தேன். மதிப்பெண் போனால் போகட்டும். மூன்று மாதம், சனி ஞாயிறு மட்டும். ஒவ்வொன்றாகப் பொருந்தி வந்தது. கடைசித் துண்டை வைத்ததும் எழுந்து நின்று பார்த்தேன்.

இடது பக்கத்து இரண்டு வரிசையில் இருந்த வீரர்கள் எல்லாரும் வலப்பக்கம் பார்க்கிறார்கள். வலது பக்கத்து இரண்டு வரிசையில் இருப்பவர்கள் இடப்பக்கம் பார்க்கிறார்கள். எட்டும் எட்டும் ஒன்றையொன்று பார்த்தபடி. அந்தப் பெண்ணுக்குக் காப் யார், மேத்யூசன் யார் என்பது பொருட்டே இல்லை. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து, அதற்காகக் காத்திருந்து, சேர்த்துத் தைத்திருக்கிறாள். பதினாறு முகமும் அப்படி அமைய எத்தனை பெட்டி வந்திருக்க வேண்டும், எத்தனை துண்டைத் தள்ளிவைத்திருக்க வேண்டும்! அதை நான் இரண்டு ராத்திரியில் பிரித்துப் போட்டிருந்தேன். திரும்பக் கிடைத்தது ஊசித்துளை இருந்ததால்தான். மதிப்பெண்ணைக் குறைத்த அதே துளை.

அதனால் நான் எங்கே பேசினாலும் ஒன்றைச் சொல்வேன், இங்கேயும் சொல்கிறேன். தைத்த பொருள் கிடைத்தால் பிரிக்காதீர்கள். தனித்தனியாக விற்றால் பணம் அதிகம் வரும், உண்மை. இருந்தாலும் பிரிக்காதீர்கள். 1914இல் வந்த ஐந்தேகால் அங்குலச் சதுரக் கம்பளித் துண்டுகளும் போர்வையாகவே தைக்கப்பட்டவை. அவற்றையும் இப்படித்தான் பிரித்து விற்கிறார்கள்.

இன்னொருவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், மூன்று நிமிடம்தான் இருக்கிறது. ஜெபர்சன் பர்டிக். சிரக்யூஸ் நகரத்தில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், மூட்டுவாதக்காரர். சிகரெட் அட்டைகளுக்கும் பட்டுகளுக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்து முதன்முதலில் அட்டவணை போட்டவர் அவர்தான். நாங்கள் இன்றும் சின்னப் பட்டை எஸ்-74 என்றும் பெரியதை எஸ்-81 என்றும் சொல்வது அவர் வைத்த பெயர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளை நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு இலவசமாகக் கொடுத்து, விரல் மடங்காத நிலையிலும் தானே போய் உட்கார்ந்து வருடக்கணக்காக ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்து, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மார்ச்சில் இறந்தார். அவரைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும்.

பத்திரப்படுத்துவது பற்றி விரிவாகச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன்; கடிகாரம் விடவில்லை, வேகமாகச் சொல்கிறேன். நம் வீட்டுப் பட்டுக்கும் இதுவேதான். வெளிச்சம் படக் கூடாது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாலும் வெயில் வராத சுவராகப் பாருங்கள். தண்ணீர் காட்டவே கூடாது, மை கரைந்து பரவும். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், கஞ்சி போடாத, அலசிக் காயவைத்த பழைய வெள்ளை வேட்டித் துணி போதும். சின்னத் துண்டை மடிக்காமல் படுக்கையாக வையுங்கள். பெரியதானால் உள்ளே துணியை உருட்டி வைத்துச் சுருட்டுங்கள். கிழிசலில் ஒட்டு டேப் போடாதீர்கள், பசை நூலுக்குள் இறங்கிவிடும். அந்துருண்டை பட்டின் மேல் படக் கூடாது, அதற்குப் பதிலாக என்ன போடலாம் என்றால்... சரி, கைகாட்டுகிறார்கள், நேரம் முடிந்தது. அழைத்ததற்கு நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.